கலத்தின் கருமையும் கரிம நுண்குழலும்

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே, கீழைக்கடலை அடுத்து மரக்காணம் என்னும் ஊர் உள்ளது. ஆந்திரக் கடற்கரையினின்று தெற்கே இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் இப்பகுதியிலேயே முடிவுறுகின்றது. பூமீசுவரர் கோயிலின் சோழர்காலக் கல்வெட்டுகளும், ஊரைச் சூழ்ந்து விரிந்த உப்பளங்களும் இதன் பழமைக்கும் தொழிலுக்கும் அடையாளமாகும். பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையில், ஓய்மானாட்டு நல்லியக்கோடனுக்கு உரியதாக நல்லூர் நத்தத்தனார் பாடிய எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை.

சென்ற கோடையில் முதுகலை மாணவர் சிலருடன் யாம் இக்கரைக்குச் சென்றிருந்தோம். எயிற்பட்டினத்தின் இருப்பை நூலொடு ஒப்பிட்டுக் காண்பதே செலவின் நோக்கம். ஆங்கு மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டின் ஓர் இயலை எம்மிடம் காட்டினார். பண்டைத் தமிழர் நானோ அறிவியலை அறிந்திருந்தனர் என்பதும், கீழடியில் கிடைத்த ஓடுகளே அதற்குச் சான்று என்பதும் அவ்வியலின் முடிபு. அதனைப் படித்தபோது எமக்கு நாணம் உண்டாயிற்று. ஏனெனில், அம்முடிபு அவருடையதன்று. முந்திய ஆண்டில் வகுப்பில் யாம் கூறிய சொற்களையே அவர் நம்பி எழுதியிருந்தார்.

அன்று மாலை உப்புப் பாத்தியின் வரப்பில் நின்ற முதிய தொழிலாளர் ஒருவரிடம், உப்பு விளையும் பதத்தை எங்ஙனம் அறிவீர் என்று வினவினோம். "அளவிக் கருவி இருக்குதுங்க ஐயா. ஆனா அதுக்கு முன்னாலேயே தண்ணியோட நெறம் சொல்லிடும்" என்றார் அவர். உப்பு ஏன் கனசதுரமாக விளைகின்றது என்றதற்கு, "அது எனக்குத் தெரியாதுங்க, படிச்சவங்கதான் சொல்லணும்" என்று நகைத்தார். அவ்விரு விடைகளுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை யாம் வகுப்பில் காணத் தவறினோம். அதனைக் கீழடி ஓட்டின் பால் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரி என்னும் சொல்

கரிதல் என்னும் வினையின் வழிப்பட்ட கரி என்னும் பெயர், எரிந்து கருகிய பொருளையும் கருமையையும் குறிக்கும். யானையைக் குறிக்கும் கரி வடமொழி வழி வந்தது. இவையன்றிச் சான்று என்னும் பொருளிலும் கரி என்னும் சொல் பண்டு வழங்கிற்று. திருக்குறளின் நீத்தார் பெருமை அதிகாரத்து ஐந்தாம் குறளில், ஐம்புலன் அடக்கினான் ஆற்றலுக்கு இந்திரன் சான்றாவான் என்னுமிடத்து இச்சொல் அப்பொருளில் நிற்றல் காண்க. எரிந்த கரியும் சான்றாகிய கரியும் ஒரு வேரினவோ, வெவ்வேறோ என்பது சொல்லாராய்ச்சிக்குரிய தனி வினா. ஆயினும், தொல்லியலில் இவ்விரு பொருளும் ஒருங்கே வந்து பொருந்துதல் கருதத்தக்கது. மண்ணடுக்கில் கிடைக்கும் கரித்துண்டே இன்று அவ்வடுக்கின் காலத்துக்குச் சான்று கூறுகின்றது.

கரியின் முதற்பொருளாகிய தனிமத்தை இக்காலத்தார் கரிமம் என்பர். இலத்தீன் மொழியில் கரியைக் குறிக்கும் சொல்லினின்றே மேனாட்டார் வழங்கும் கார்பன் என்னும் பெயரும் பிறந்தது. வைரமும் காரீயமும் கரிமமே. பென்சிலின் உள்ளீடாகிய காரீயத்துக்கு ஈயத்தோடு தொடர்பில்லை. அணுக்கள் அடுக்கப்பட்ட முறையே ஒன்றனை வன்மையுடையதாகவும் மற்றொன்றனை மென்மையுடையதாகவும் ஆக்கிற்று. 1985-இல் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகியோர் அறுபது கரிம அணுக்கள் பந்துபோற் கூடிய வடிவத்தைக் கண்டனர்; அதற்காக 1996-இல் நோபல் பரிசு பெற்றனர். 1991-இல் ஜப்பானிய அறிஞர் சுமியோ ஈஜிமா, கரிமத் தகடுகள் சுருண்டு குழல்களாக அமைந்திருத்தலை மின்னணு நுண்ணோக்கியால் கண்டு வெளியிட்டார். இவையே கரிம நுண்குழல்கள். தனித் தகடாகிய கிராபீனை 2004-இல் கெய்மும் நோவோசெலோவும் பிரித்தெடுத்தனர். அவர்களுக்கு 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நானோ என்பது குள்ளன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டராம். மாந்தர் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர் எனின், இவ்வளவையின் நுண்மை விளங்கும்.

கீழடி ஓடு

சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் இந்தியத் தொல்லியல் துறை 2015-இல் அகழாய்வைத் தொடங்கிற்று. பின்னர்த் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அப்பணியை மேற்கொண்டது. நான்காம் கட்ட அகழாய்வில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டு, 2019-இல் அத்துறையின் அறிக்கையில் வெளியாயிற்று.

அக்களத்து ஓடுகள் சிலவற்றின் உட்புறத்தே காணப்பட்ட கரும்பூச்சினை வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்து அறிஞர் முதலியோர் ஆராய்ந்தனர். அவர்தம் கட்டுரை 2020 நவம்பரில் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் என்னும் இதழில் வெளிவந்தது. இராமன் நிறமாலை முறையாலும் மின்னணு நுண்ணோக்கியாலும் நோக்கியபோது, அப்பூச்சில் ஒற்றைச் சுவர்க் குழல்களும், பல சுவர்க் குழல்களும், அடுக்குத் தகடுகளும் இருத்தல் புலனாயிற்று. ஒற்றைச் சுவர்க் குழலின் சராசரி விட்டம் ஏறத்தாழ 0.6 நானோமீட்டர் என்பது அவர்கள் கண்ட அளவு. தாவரச் சாறு போன்ற ஏதேனும் ஒன்று பூசப்பெற்று, சூளையின் வெம்மையில் அது குழல்களாக மாறியிருத்தல் கூடும் என்பது அவர்தம் கருத்து.

இது பெருமைக்குரிய கண்டுபிடிப்பே. ஆயினும் அதன் எல்லையை வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். ஒரு களத்துச் சில ஓடுகளில் கண்டதனைத் தமிழகத்துக் கலங்கள் அனைத்தின் மேலும் ஏற்றிக் கூறல் பொருந்தாது. பிற களங்களின் ஓடுகளையும், ஓட்டைச் சூழ்ந்த மண்ணையும் பிற ஆய்வகத்தார் நோக்கி ஒப்பிட்ட பின்னரே இவ்வுண்மை வேரூன்றி நிற்கும். காலக்கணிப்பும் மண்ணடுக்கின் வழியே ஓட்டுக்கு வருவது என்பதை மறத்தலாகாது.

சூளையின் தொழில்

கலத்தின் உட்புறம் கருமையாகவும் வெளிப்புறம் செம்மையாகவும் இருக்குமாறு செய்த கலங்களைக் கருப்புச்-சிவப்புக் கலங்கள் என்பர். தமிழகத்து ஈமக்காடுகளிலும் ஊரிருக்கைகளிலும் இவை மிகுதியாகக் கிடைக்கின்றன. இவ்விரு நிறமும் வண்ணம் தீட்டுதலால் வந்தன அல்ல. தீயை ஆளும் திறத்தால் வந்தன. களிமண்ணில் உள்ள இரும்பு, காற்று மிக்க தீயில் சிவக்கும். கலத்தைக் கவிழ்த்து, அதனுள் உமி, தழை முதலியவற்றை இட்டுச் சுட்டால், உள்ளே காற்று குன்றிப் புகை செறியும். அப்புகையின் கரிமம் உட்சுவரில் படிந்து கருமையாகும். இதுவே தொல்லியலார் பொதுவாகக் கூறும் விளக்கம்.

சங்கச் சான்றோர் இச்சூளையை நன்கு அறிந்தவர். கிள்ளிவளவன் மாய்ந்தபோது ஐயூர் முடவனார் பாடிய புறநானூற்றுப் பாட்டு (228), தாழி வனையும் குயவனை விளித்து, அவனது சூளையின் புகை இருள் திரண்டாற்போல வானில் எழுதலைக் கூறுகின்றது. புலவர் நோக்கு அரசனது பெருமையின் மேலது. நம் நோக்கோ அப்புகையின் மேலது. கரிமப் புகையும், களிமண்ணின் இரும்பும், பல நூறு பாகை வெப்பமும் ஓரிடத்தே கூடுதலே சூளை.

இனி, இக்காலத்து ஆய்வகங்களில் நுண்குழல் செய்யும் முறையை நோக்குவோம். கரிமம் அடங்கிய வளிமத்தை ஏறத்தாழ 600 முதல் 1000 செல்சியசு வெப்பத்தில், இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகியவற்றின் நுண்துகள்மேல் செலுத்துவர். வளிமம் சிதைந்து, கரிமம் அத்துகளில் பற்றிக் குழலாக வளரும். புகை, இரும்பு, வெப்பம் என்னும் மூன்றும் ஈண்டும் உள்ளன. ஆதலின் சூளையில் நுண்குழல் தோன்றுதல் இயற்கைக்கு முரணானதன்று. ஆய்வகத்தார் வெப்பத்தையும் துகளின் அளவையும் வளிமத்தின் ஓட்டத்தையும் அளந்து வேண்டிய குழலைப் பெறுவர். குயவர் வேண்டியது கருமையும் கசியாமையும். குழல் அவற்றோடு உடன்வந்தது.

உப்பளக் கரையில் தொடங்கிய இவ்வாராய்ச்சியில் உப்புக்கும் ஓர் இடம் உண்டு. சமையலுப்பின் படிகங்களின்மேல் உலோகத் துகளைத் தாங்கவைத்து நுண்குழல் வளர்த்து, பின்னர் நீர்விட்டு உப்பைக் கரைத்து அகற்றும் முறையை இன்றைய ஆய்வாளர் கையாளுகின்றனர். வன்மையான அமிலம் இன்றியே குழல் தனித்து நிற்கும் என்பது அதன் பயன்.

எஃகுச் சான்று

மரக்காணம் அடங்கிய பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்திலேயே கரிமத்தை ஆண்ட மற்றொரு தொழிலும் நிகழ்ந்தது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த மேல்சிறுவளூரில், மூசையில் எஃகு உருக்கிய களத்தைச் சாரதா சீனிவாசன் 1990-களின் முற்பகுதியில் கண்டு ஆராய்ந்தார். மேனாட்டார் ஊட்ஸ் என்று அழைத்த எஃகு இவ்வகையினதே. கடற்கரையில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசியா மார்ஷல் ஹீத், இந்நாட்டார் எஃகு செய்த முறையை 19-ஆம் நூற்றாண்டில் விரித்து எழுதியுள்ளார். இரும்புத் துண்டுகளோடு ஆவிரையின் உலர்ந்த கட்டையை மூசையில் இட்டு, எருக்கு முதலியவற்றின் இலையால் மூடி, வாயை மண்ணால் அடைத்துத் தீயில் வைப்பர் என்பது அவர் தரும் செய்தி. மடலேறும் தலைவன் சூடுவனவாகச் சங்கப்பாட்டில் வரும் ஆவிரையும் எருக்கும் உலைக்களத்திலும் பயன்பட்டமை நம் கருத்துக்குரியது. அவற்றின் கரிமமே இரும்பை எஃகாக்கிற்று.

2006-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவுஃப்ளர், ரீபோல்டு முதலியோர், 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டமாஸ்கஸ் வாள் ஒன்றன் துண்டை அமிலத்தில் கரைத்து எஞ்சியதை நோக்கினர்; அதன்கண் கரிம நுண்குழல் இருத்தலை நேச்சர் இதழில் வெளியிட்டனர். இத்தகைய வாள்களுக்கு இந்திய எஃகு பயன்பட்டது என்பது வரலாறு. எனினும், அவ்வாள் ஒன்றனைக் கொண்டு மேல்சிறுவளூர் எஃகிலும் நுண்குழல் உண்டு என்று துணிதல் ஆகாது. இணைப்பு வழி உண்டு; நேர்ச்சான்று வேண்டும்.

மூன்று நிலைகள்

ஈண்டு மூன்று நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒரு பொருள் உளதாதல் ஒன்று. அதனையோ அதன் பயனையோ வேண்டும்போதெல்லாம் கைத்திறத்தால் விளைவித்தல் மற்றொன்று. அதன் அமைப்பையும் காரணத்தையும் அறிதல் மூன்றாவது. இவற்றை முறையே உண்மை, செய்திறன், காரண அறிவு எனலாம்.

கிரீன்லாந்தில் ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையுடைய பனிக்கட்டியிலும் கரிம நுண்குழல்கள் காணப்பட்டதாக 2004-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆங்கு உண்மை உண்டு, செய்வோர் இலர். மேலும், 1952-இல் சோவியத்து அறிஞராகிய ராதுஷ்கெவிச்சும் லுக்கியானோவிச்சும் கரிமக் குழல்களின் நுண்ணோக்கிப் படங்களை வெளியிட்டிருந்தனர். எனினும், உலகம் அவற்றின் சிறப்பை உணர்ந்தது 1991-க்குப் பின்னரே. கண்ணாற் கண்டும் முற்ற அறியாத நிலை அறிவியலாருக்கே இருந்தது எனின், காணும் கருவியே இல்லாத காலத்துக் குயவர்க்குக் காரண அறிவை ஏற்றுதல் எங்ஙனம் தகும்?

இவ்வாறு கூறுதலால் பண்டையோர் பெருமை குன்றும் என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டா. கீழடி ஓடு உண்மையைக் காட்டுகின்றது. உட்கருமையும் புறச்செம்மையும் பிறழாது கலந்தோறும் வருமாறு சுடும் கருப்புச்-சிவப்புக் கலமரபு செய்திறனைக் காட்டுகின்றது. நெடுங்காலம் மண்ணுள் கிடந்தும் அழியாத பூச்சினை இட்ட கை பெருமைக்குரியதே. அப்பெருமையைக் குயவனிடமிருந்து பறித்து, அவன் அறியாத ஒரு துறையின் பெயருக்குச் சூட்டுவதே அவனுக்கு நாம் இழைக்கும் தவறு. மரக்காணத்து முதியவர் படிகவியல் அறியார் என்பதால் அவர் விளைவிக்கும் உப்பின் வெண்மை குறைவதில்லை. நீரின் நிறம் கண்டு பதம் அறிதலும், உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரை உரிய காலத்தே வடித்தலும் அவர் கல்வி. அதுவும் அறிவே, ஆயின் வேறு வகை அறிவு.

மருத்துவத்தில் இவ்வேறுபாட்டின் இன்றியமையாமை

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று, உயிரோடு தொடர்புடையது. இன்று கரிம நுண்பொருள்களை மருத்துவத்துக்குப் பயன்படுத்தும் முயற்சிகள் பல நடைபெறுகின்றன. கண்ணுக்குப் புலனாகாத அண்மை அகச்சிவப்பு ஒளி நம் தசையை ஓரளவு ஊடுருவும். நுண்குழல் அவ்வொளியை ஏற்று வெப்பமடையும். 2005-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் இப்பண்பைக் கொண்டு ஆய்வகத்தே புற்று உயிரணுக்களை அழித்துக் காட்டினர். 2004-இல் நுண்குழல்களைத் தூய்மை செய்யும்போது தற்செயலாகக் கிடைத்த ஒளிரும் கரிமத் துகள்கள், இன்று கரிமப் புள்ளிகள் என்னும் பெயரால் உயிரணுக்களைப் படம்பிடிக்க ஆராயப்படுகின்றன. நோய்க்கூறுகளை அறியும் உணர்விகளுக்குக் கிராபீன் பயன்படுகின்றது.

ஈண்டும் உப்பு இடைநிற்கின்றது. கடல்நீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரைப் பங்கு. நம் குருதிக்கு ஒப்ப மருத்துவர் ஏற்றும் உப்புநீரில் 0.9 பங்கு. அச்சிறிய அளவே போதும். நன்னீரில் பரவிநிற்கும் கிராபீன் ஆக்சைடு உப்புநீரில் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். ஆகவே அதன்மேல் நீரை விரும்பும் நீள்மூலக்கூறுகளைப் போர்த்தே உடலுக்கேற்றதாக்குவர். காரணம் அறிந்தமையால் மாற்றும் அறிந்தனர்.

இனித் தீமையை நோக்குவோம். நீண்டு விறைப்பான பல சுவர்க் குழல்கள், கல்நார் இழைகளைப் போலவே எலிகளின் உடலுட்சவ்வில் அழற்சி விளைவித்தலை 2008-இல் எடின்பரோ அறிஞர் குழுவினர் காட்டினர். 2014-இல் கூடிய பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் அறிஞர் குழு, பல சுவர்க் குழல்களுள் ஒருவகையை மாந்தர்க்குப் புற்றுநோய் விளைத்தல் கூடும் பொருள்களின் வரிசையில் வைத்தது. ஏனைய வகைகளை வகைப்படுத்தச் சான்று போதாது என்றது. 2015-இல் பாரிசு நகரத்து ஈளைநோய்ச் சிறுவர்தம் நுரையீரல் நீரில் நுண்குழல் போன்ற கரிம வடிவங்கள் இருத்தல் வெளியாயிற்று.

எம் மாணவரது இயலில் ஒரு தொடர் இருந்தது. ஈராயிரத்தறுநூறு ஆண்டுகட்கு முன் தமிழர் இக்கலத்தில் உண்டனர். ஆதலின் கரிம நுண்குழல் உடலுக்குத் தீங்கற்றது என்பதே அது. எம் வகுப்புச் சொற்கள் சென்று முடிந்த இடம் இதுவே. கலச்சுவரில் இறுகப் படிந்த பூச்சு வேறு. மூச்சில் கலந்து நுரையீரலைச் சேரும் தனிக்குழல் வேறு. குருதியில் செலுத்தப்படும் போர்த்திய குழல் வேறு. நீளமும், விறைப்பும், மேற்பரப்பும், புகும் வழியும் மாறத் தீமையும் மாறும். மேலும், பண்டையோர் உண்டனர் என்பது தீங்கின்மைக்குச் சான்றாகாது. உண்டோர் உடல்நிலையை நாம் ஆராய்ந்திலோம். செய்திறனைக் காரண அறிவாகக் கொண்ட பிழை, மருந்தைப் பற்றிய பிழையாக வளர்ந்தமை காண்க. தமிழ் ஆய்வேட்டை மருத்துவர் படியார் என்று நாம் அமைதல் கூடாது. பொதுமக்கள் படிப்பர், நம்புவர்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன தெளிவாகின்றன. கீழடி ஓட்டின் கரும்பூச்சில் நுண்குழல் உண்டு என்பது ஆய்வாளர் கண்டு வெளியிட்ட செய்தி. அது தோன்றுதற்கு வேண்டிய நிலைமைகள் சூளையில் உள்ளன. குயவர் கருமையை ஆண்டனர், குழலை அறிந்திலர். ஆதலின் ‘நானோ அறிவியல் அறிந்திருந்தனர்’ என்னும் தொடரை விடுத்து, ‘நுண்குழல் தோன்றுமளவு தீயை ஆளும் திறம் பெற்றிருந்தனர்’ என்று எழுதுதலே தகும்.

மரக்காணக் கரையில் தமிழ்த்துறையார்க்கு உரிய பணிகள் இரண்டு உள. இதன் தெற்கே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தது முதல் இக்கரையின் கலவோடுகள் பெயர்பெற்றவை. கடற்கரை ஓடுகளில் உப்பு ஊறியிருத்தலின், அவற்றை நீரில் ஊறவைத்துக் கழுவுதல் வழக்கம். எதிர்காலத்தில் கிடைப்பனவற்றுள் கரும்பூச்சுடைய சிலவற்றையேனும் கழுவாமல், சூழ்ந்த மண்ணோடு சேர்த்து வைத்தல் வேண்டும் எனத் தொல்லியலாரை யாம் வேண்டுகின்றோம். கீழடியிற் கண்டது இங்கும் உண்டோ, இன்றோ என்பதை அவ்வோடுகளே காட்டும். மற்றொன்று, நம்மால் இன்றே இயல்வது. சூளையிலும் உப்புப் பாத்தியிலும் நிற்போர் தீயின் பதத்துக்கும் நீரின் பதத்துக்கும் வழங்கும் சொற்களை, அவர் கூறியவாறே தொகுத்தல் வேண்டும். பண்டைக் கலத்தொழிலைப் பற்றி நாம் எழுதுவனவற்றுக்கு அச்சொற்களே துணையாகும்.

மாணவர் தம் இயலைத் திருத்தி எழுதிவிட்டார். பழைய தலைப்பை நீக்கி, குயவர் தீயாட்சி என்று புதிது வைத்துள்ளார். முதற்பிழை எம்முடையதாதலின், அத்திருத்தத்தின் காரணத்தை இவ்விதழில் பதிவு செய்தல் எம் கடனாயிற்று.